பெட்டிக்குள் இருந்த சீட்டு

அக்டோபர் 9
தங்கை வீட்டில் இன்று அரசவை கூடியது. மருந்துப் பெட்டி அச்சடிக்கும் அச்சகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக நிறம் சரிபார்க்கும் சக்கரவர்த்தியான நான் சோபாவில் வீற்றிருந்தேன். தங்கையின் கணவர், நம்ம மாப்பிள்ளை, ஃப்ளூ ஊசிக்குக் கிளம்பினார். அவருக்கு நுரையீரல் நோஞ்சான். “போன வருஷம்தானே குத்திக்கிட்டீங்க? அந்தப் பெட்டியே என் கையில பிறந்தது, மாப்பிள்ளை! வருஷம் மட்டும்தான் மாறும். உள்ளே அதே தண்ணி!” என்றேன்.
“அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். செருப்பைக் கழட்டுங்க” என்றாள் தங்கை. கழற்றிவிட்டார்.

நவம்பர் 20
மாப்பிள்ளைக்குக் காய்ச்சல்.

நவம்பர் 23
ஆஸ்பத்திரி. ஆக்ஸிஜன். ஃப்ளூதான். “இந்த வருஷ ஊசி போட்டாச்சா?” என்றார் டாக்டர். தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை. முறைத்திருந்தாலாவது தேவலை.

நவம்பர் 24
பெட்டிக்குள் வைக்கும் மருந்து விவரச் சீட்டை அச்சடிப்பது பக்கத்து மிஷின். பத்தடி தூரம். பதினெட்டு வருஷத்தில் அந்தப் பத்தடியை நான் நடந்ததில்லை. வாய் மட்டும் உலகம் சுற்றியது!
இன்று நடந்தேன். போன வருஷச் சீட்டு, இந்த வருஷச் சீட்டு, பூதக்கண்ணாடி. ஏ வகைக் கிருமி இரண்டு: எச்1என்1, எச்3என்2. பி வகை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயர், எண், வருஷம் – விலாசம் மாதிரி. எச்3என்2-க்கு விலாசம் மாறியிருக்கிறது. கிருமி வீடு மாறிவிட்டது. நான் பழைய வீட்டுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன்.
“எந்தக் கிருமி சுத்துதுன்னு வருஷா வருஷம் பார்த்து ஊசியை மாத்துவாங்களே அண்ணே, தெரியாதா?” என்றார் மிஷின்காரர். தெரியாது. இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கே சொல்ல எனக்கு என்ன கேடு?

நவம்பர் 25
“போட்டிருந்தா வந்திருக்காதா, டாக்டர்?”
“உறுதியா சொல்ல முடியாது. இவ்வளவு முத்தாம இருந்திருக்கலாம். மூணு கிருமியும் மாறாம அதேயா இருந்திருந்தாலும், போன வருஷ ஊசியோட பலம் இதுக்குள்ள குறைஞ்சிருக்கும்.”
‘உறுதியா சொல்ல முடியாது’ – இதை மட்டும் பிடித்துக்கொண்டு தப்பப் பார்த்தேன். சீ.

நவம்பர் 27
தங்கையிடம் ஒப்புக்கொண்டேன். “தெரியாமத்தான் சொன்னேம்மா.”
“தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே, அண்ணா.”


டிசம்பர் 6
வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு மாடி ஏற மூன்று இடத்தில் நின்றார். பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நானும் நின்றேன். ஜோக் எதுவும் வரவில்லை.

அடுத்த வருஷம், அக்டோபர் 3
இந்த வருஷ ஊசிப் பெட்டி மறு அச்சுக்காக மேசைக்கு வந்தது. பத்தடி நடந்து சீட்டை வாங்கி, மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, மூன்று விலாசத்தையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தேன்.
பொறுமையாகக் கேட்டார். “நான் போன வாரமே போட்டுக்கிட்டேன், மச்சான். டாக்டர்கிட்டயே கேட்டுட்டோம்.”
“நல்லது மாப்பிள்ளை” என்றேன்.
சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடிக்கப் பார்த்தேன். வரவில்லை.