உன் கொலுசை இன்று வெளுக்க வைத்தேன்

தாயி,

அடுக்களையில் அழுகிய முட்டை நாற்றம் இன்னும் போகவில்லை. உன் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை முறைக்கிறாள். முட்டையெல்லாம் இல்லை, உன் கொலுசுதான். ஆஸ்பத்திரியில் நர்சம்மா உன் காலிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தது. பீரோவில் கிடந்தே கரியாகிவிட்டது.

தங்கச்சிக்கு இன்று காலேஜில் முதல் நாள். "அக்கா கொலுசைப் போட்டுக்கிட்டுத்தான் போவேன்" என்று நின்றாள். எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கறுப்பில் நீ கொஞ்சம் இருப்பாயோ, கழுவினால் அதுவும் போய்விடுமோ என்று பயம்.

ப்ளஸ் டூ படிக்கையில் நீயே இதைச் செய்து காட்டினாய். மாட்டுத்தாவணி ஹோட்டலில் பார்சல் கட்டுகிறவன் நான். அங்கிருந்து கொண்டுவந்த அலுமினியத் தாளைக் கிண்ணத்தில் விரித்து, கொலுசை அதன்மேல் வைத்து, வெந்நீரும் உப்பும் ஆப்பச் சோடாவும் போட்டாய்.

"அலுமினியம் எலக்ட்ரானைக் குடுக்குதுப்பா, அது ஆக்சிஜனேற்றம். வெள்ளி வாங்கிக்கிடுது, அது ஒடுக்கம்."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தேன். "எங்க தாயி, ஒண்ணும் தெரியலையே?"

"எலக்ட்ரான் என்ன எறும்பாப்பா, வரிசையாப் போறதுக்கு?"

பத்தாவதோடு நின்றவனுக்கு எறும்பே அதிகம். "அப்ப இந்த அழுக்கு?"

"அழுக்கு இல்லப்பா. காத்துல இருக்க கந்தகம் வெள்ளியப் புடிச்சு வச்சிருக்கு. எலக்ட்ரான் கிடைச்சதும் வெள்ளி திரும்பிரும்."

அதை நினைத்துத்தான் இன்று துணிந்தேன். ஆனால் தொழில் புத்தி விடுமா? கொலுசை உப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் போட்டு, தாளைக் கிண்ணத்துக்கு மூடியாக்கி, சால்னா பார்சல்போல இறுக்கி மடித்துவிட்டுக் காத்திருந்தேன். கறுப்பு அசையவில்லை. அப்புறம்தான் நீ சொன்னது ஞாபகம் வந்தது: "ரெண்டும் தொட்டுக்கிட்டு இருக்கணும்ப்பா. இல்லாட்டி எப்படிக் குடுக்கும்?"

அப்படியே உட்கார்ந்துவிட்டேன், தாயி. ஐசியு கண்ணாடிக் கதவுக்கு வெளியேதானே நின்றேன். கொடுப்பதற்கு இந்த உடம்பு முழுக்க இருந்தது. தொடத்தான் விடவில்லை.

பிறகு எழுந்து தாளைப் பிரித்துக் கொலுசைச் சுற்றி வைத்தேன். நாற்றம் கிளம்பியது. தாள் மங்கியது, வெள்ளி வந்தது.

தங்கச்சி மாட்டிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினாள். சத்தம் கேட்டதும் என்னை அறியாமல் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. படியிலும் சத்தம் நின்றது.

"இந்தா வாரேன்ப்பா" என்றாள், உனக்காக.