தார்ப்பாயில் ஒரு துளை

இன்று காலை உன் கறுப்புத் தார்ப்பாய் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஓவிய அறையை ஒழித்தபோது கிடைத்ததாம். பள்ளிக்கூடப் பியூன் கொண்டுவந்து வைத்தார். மடிப்பைப் பிரித்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் மீன் வாடை போகவில்லை. கடியப்பட்டணத்தில் உன் அப்பாவின் மீன்பிடி வள்ளத்தை மூடிக் கிடந்ததல்லவா? நடுவில் நீ போட்ட சுண்டுவிரல் அளவுத் துளையும் அப்படியே இருக்கிறது.

நீ ஓவியம், நான் இயற்பியல். ஒன்பதாம் வகுப்புக்குப் புதன்கிழமைதோறும் இருவரும் சேர்ந்து பாடம் எடுக்கலாமா என்று நீ கேட்டபோது, படம் வரைவதற்கும் ஒளிக்கும் என்ன சம்பந்தம் என்றேன். நீ ஜன்னலில் தார்ப்பாயைக் கட்டினாய். இருண்ட அறையின் சுவரில், எதிரே இருந்த மாதா கோயில் கோபுரம் தலைகீழாக வந்து விழுந்தது.

"ஏட்டி, கோயிலு குட்டிக்கரணம் போடுது!" என்று ஒருத்தி கத்தினாள்.

"அப்ப எல்லாரும் தலைகீழா நில்லுங்க மக்கா. சரியாத் தெரியும்" என்றாய்.

அவர்கள் சுவரில் தாளை ஒட்டிக் கோபுரத்தை வரைந்தார்கள். ஒளி நேர்கோட்டில் செல்லும் என்பதை அன்று நான் கரும்பலகையில் எழுதவே இல்லை. அவர்களே கண்டு சொன்னார்கள்.

ஆண்டு இறுதியில், அந்த வகுப்பு தொடரவும் உன் தற்காலிக வேலை நீளவும் நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, என் கையெழுத்துக்குக் கொண்டுவந்தாய். அன்று மாலைதான் கடைசி நேரம். நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். கான்வென்டில் பழகிய கை. பிழையைக் கண்டால் நிற்காது. பக்கம் முழுக்க வட்டங்கள்.

"இதென்ன டீச்சர், பரிட்சைப் பேப்பரா? மார்க்கு எவ்வளவு போட்டிய?"

"முதலில் சரியாக எழுதிக்கொண்டு வா."

ஆசிரியர் அறையில் யாரோ சிரித்தார்கள். நீ தாளை மடித்துக்கொண்டு போனாய். திரும்பி வருவாய் என்று மணியடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்து உன்னைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நானே வேறு தாளில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கலாம். பத்து நிமிட வேலை.

வகுப்பு போயிற்று. உன் வேலையும் போயிற்று. நீ இறந்ததை ஜங்ஷன் சுவரொட்டியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஓவிய அறை இப்போது எப்படி இருக்கிறது என்று இன்று பியூனிடம் கேட்டேன்.

"இப்ப சயின்ஸு, கம்ப்யூட்டரு, டிராயிங்கு எல்லாம் ஒண்ணாப் படிக்கதுக்கு ரூமாக்கியாச்சு டீச்சர். ஏசி வச்சதுல ஜன்னல அடைச்சாச்சு. ரோபோ எல்லாம் கண்ணாடி அலமாரில இருக்கு."

"பிள்ளைகள் தொடுவார்களா?"

"நல்ல கத! தொட்டாக் கெட்டுப்போவும்லா? இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும் தொறப்பாவ."

பியூன் போனபின், பிற்பகலில் என் கணவர் படுத்திருந்த அறையின் ஜன்னலில் தார்ப்பாயைக் கட்டினேன். அவர் இறந்ததிலிருந்து அந்த அறையில் யாரும் இல்லை. எதிர்வீட்டுத் தென்னை வெற்றுச் சுவரில் தலைகீழாக வந்து நின்று அசைந்தது. அது ஏன் தலைகீழாக விழுகிறது என்று இப்போதும் ஒரு பிழையும் இல்லாமல் சொல்வேன். கேட்கத்தான் ஆளில்லை.

தாளை ஒட்டினேன். பென்சிலைச் சீவி எடுத்தேன். வெயில் தாழ்ந்து தென்னை சுவரிலிருந்து மறையும்வரை நின்றேன். முதல் கோடு தப்பிவிடுமோ என்ற பயத்தில் ஒரு கோடுகூடப் போடவில்லை.