அக்கா பேசாத நாட்கள்

அக்டோபர் 7

ஒன்பதாம் வகுப்பின் கடைசி வரிசைப் பெண் இன்று தானாகவே எழுந்து வந்து பலகையில் கணக்குப் போட்டாள். தப்பாகத்தான் போட்டாள். ஆனாலும் வந்தாளே! அந்த வயதில் என்னைப் பலகைக்குக் கூப்பிட்டால் காய்ச்சலையே வரவழைத்துக்கொள்வேன். நான் விடையைச் சொல்லவில்லை. "முதல் வரியில என்ன செஞ்சே? ஏன் செஞ்சே?" என்று கேட்டுக்கொண்டே வந்தேன். மூன்றாவது கேள்வியில் அவளே நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்துவிட்டாள்.

அன்னிய நாட்டில், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, ஒரு வகுப்பறையில். சில நாள் இதை எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அக்காவின் குரல் இன்றும் கட்டியிருக்கிறது. சுக்கு, மிளகு, வெந்நீர், திட்டு எதற்கும் மசியவில்லை.

அக்டோபர் 14

அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அழைத்துப் போனேன் என்று எழுதும்போது சிரிப்பு வருகிறது. போன வருடம் நான் வந்து இறங்கிய நாளிலிருந்து என்னை எல்லா இடத்துக்கும் இழுத்துப் போனவள் அவள்தான். கூடப் பிறக்காத அக்கா, இயற்பியல் டீச்சர், ஆசிரியர் குடியிருப்பில் நானும் அவளும் ஒரே அறை. பள்ளியில் அவளுக்கு வைத்த பெயர் ஒலிபெருக்கி. குழாயில் தண்ணீர் வரவில்லை, விசா தாமதம், சம்பளத்தில் பிடித்தம், எதுவானாலும் வெளிநாட்டு ஆசிரியர்கள் எல்லோருக்குமாக அலுவலகத்தில் சண்டை போடுகிறவள் அவள். நான் பின்னால் நின்று தலையாட்டுவேன்.

டாக்டர் மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டுத் திரையில் காட்டினார். குரல் நாணில் ஒரு சின்னக் கட்டி.

"பயப்படுற மாதிரி கட்டி இல்ல. வகுப்புல கத்திக் கத்தி வந்தது. ஆனா எடுத்தாகணும். அதுவரைக்கும் வாயே திறக்கக்கூடாது."

"வாயே திறக்காம பாடம் எப்படி டாக்டர் நடத்துறது, பிராக்டிகல் வேற இருக்கு, பசங்க..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "எப்பவும் இப்படித்தானா?"

தலையாட்டினேன்.

வெளியே இன்சூரன்ஸ் மேசையில் இருந்த பெண் திரும்பத் திரும்பத் தேடிவிட்டு, "உங்க பள்ளிக்கூடம் இருக்கு. இவங்க பேரு இல்லையே" என்றாள். காய்ச்சல், தலைவலிக்குப் பள்ளி நர்ஸ் தரும் மாத்திரையே எங்களுக்குப் போதுமாக இருந்தது. காப்பீட்டு அட்டை எங்கே என்று நாங்கள் யாருமே கேட்டதில்லை. அறுவை சிகிச்சையைக் கைக்காசில் செய்வதெல்லாம் நினைத்துப் பார்க்கவே முடியாத காரியம்.

அக்டோபர் 16

அக்கா கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையோடு அலுவலகத்துக்குப் போனாள். துணைக்கு நான். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார்.

"வெளிநாட்டு ஆசிரியர்கள் தொடர்ந்து ஒரு வருஷம் வேலை செஞ்சிருந்தாத்தான் காப்பீட்டுக்குத் தகுதி, மேடம்."

அக்கா எழுதினாள்: நாலு வருஷமா இருக்கேன்!

"நாலு தடவை பத்து மாசம் இருந்திருக்கீங்க. ஜூன்ல ஒப்பந்தம் முடியுது, செப்டம்பர்ல புது ஒப்பந்தம். நடுவுல ரெண்டு மாசம் நீங்க எங்க ஊழியரே இல்லையே."

அப்படியானால் இங்கே தலை நரைக்கும்வரை வேலை பார்த்தாலும் ஒரு வருடம் ஆகாது. உள்ளூர் ஆசிரியர்களுக்கு முதல் நாளிலிருந்தே உண்டு. அக்கா பலகையை அழித்துவிட்டு வேகமாக எழுதத் தொடங்கினாள். அவள் எழுதி முடிப்பதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். பாதி வாக்கியத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா சண்டையில் தோற்று நான் பார்த்ததேயில்லை.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் இருக்கிறது எனக்கு. என்ன செய்தேன்? தலையாட்டினேன்.

அக்டோபர் 23

இன்று நானே தனியாகப் போனேன். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. "என்ன வேணும்?" என்றார் மேலாளர். "மார்க்கர் பேனா" என்றேன். ஒரு பெட்டி கொடுத்தார். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதிலிருந்தே ஒரு பேனாவை எடுத்து எழுதினாள்: பேனா வாங்கவாடி போனே?

பிறகு சத்தம் வராமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும்தான். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவள் சிரிக்கவில்லை. பலகையில் வேறு ஒன்று இருந்தது: குரல் வரலன்னா ஜூனுக்கு அப்புறம் என்னைக் கூப்பிட மாட்டாங்க.

அக்டோபர் 26

அப்பா போன். பஸ் பணிமனையில் மதியச் சாப்பாட்டு நேரம், சுற்றிலும் ஆட்கள். அவர் பேசியது எனக்காக இல்லை, அவர்களுக்காக.

"என்னம்மா, அங்க குவார்ட்டர்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் குடுத்திருக்காங்கல்ல? இங்க சொன்னா நம்ப மாட்டேங்கிறானுங்க."

ஆமாம்பா என்றேன். வேறு என்ன சொல்ல?

"வாயில்லாப் பூச்சின்னு சொன்னீங்களேடா, இப்ப பாரு எங்க போயிருக்கான்னு!" அங்கே யாரிடமோ சொல்லிச் சிரித்தார். அந்தப் பெயரை எனக்கு முதலில் வைத்ததே அவர்தான்.

நவம்பர் 4

அக்காவின் வகுப்புகளையும் நாங்கள் பங்கு போட்டு எடுக்கிறோம். எந்த மணியில் யார் சும்மா இருக்கிறார்கள் என்று பார்க்க ஆசிரியர் அறைச் சுவரில் மாட்டியிருக்கும் கால அட்டவணை முன்னால் நின்றேன். நான் போட்ட அட்டவணை. ஒரு வகுப்புகூட இன்னொன்றின் மேல் ஏறாது, நடன டீச்சர் கேட்டபடி அவருக்கு வெள்ளிக்கிழமை மதியம் ஓய்வு, எல்லாம் கச்சிதம். அதைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் தலைக்கனம் வரும் எனக்கு. ஆகஸ்ட் வெயிலில், ஆளில்லாத பள்ளியில் உட்கார்ந்து...

ஆகஸ்டில்!

ஆகஸ்டில் நான் ஊழியரே இல்லையே?

அக்கா ஜூலை முழுக்க மறுதேர்வுப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு எடுத்தாள். கம்ப்யூட்டர் சார் புது இயந்திரங்களை அடுக்கினார். போன விடுமுறை மட்டுமல்ல, அக்கா நாலு விடுமுறையும் இங்கேதான் இருந்திருக்கிறாள். அதற்கு உதவி என்று பெயர். அவர்கள் வைத்த பெயரா? இல்லை, நாங்கள்தான் வைத்தோம். சும்மா அறையில் கிடப்பதற்கு ஒரு உதவியாக இருக்கட்டுமே என்று.

நவம்பர் 8

திங்கட்கிழமை ஊழியர் கூட்டம். கேட்பேன்.

— கேட்பேனா?

நவம்பர் 11

கேட்டுவிட்டேன். எழுத்து கோணல்மாணலாக வருகிறது, பரவாயில்லை.

கூட்டத்தில் கடைசியாக மேலாளர், "வேற ஏதாவது?" என்றார். அக்கா மேசைக்கடியில் மார்க்கர் பேனாவால் என் விலாவில் குத்தினாள். எழுந்தேன். ஒத்திகை பார்த்த வாக்கியம் சுத்தமாகப் போய்விட்டது. எத்தனை முகங்கள்! சட்டென்று ஒன்று தோன்றியது: இவர் பலகைக்கு வந்திருக்கிறார், கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். விடையைச் சொல்லக் கூடாது. கேட்க வேண்டும்.

"சார், ஒரு சந்தேகம். சுவத்துல இருக்கிற கால அட்டவணையை யார் போட்டது?"

"நீங்கதான். அருமையாப் போட்டிருக்கீங்க." எல்லோரும் சிரித்தார்கள்.

"எப்போ சார் போட்டேன்?"

"ஆகஸ்ட்லன்னு நினைக்கிறேன்."

"ஆகஸ்ட்ல நான் உங்க ஊழியர் இல்லையே சார்?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது... நீங்க விருப்பப்பட்டு செஞ்ச உதவி."

"யார் கேட்ட உதவி சார்?"

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கேள்வியும் உட்கார்ந்துவிடும் என்று பட்டது. அப்போதுதான் தலைமையாசிரியை பேசினார். சிரித்தே பார்த்திராத அம்மா அவர்.

"நான்தான் கேட்டேன். கேட்டேன்னு சொல்றதுகூடத் தப்பு. போன் பண்ணி வாங்கன்னு சொன்னேன். வர முடியுமான்னு கேட்கலை." மேலாளர் பக்கம் திரும்பினார். "அது வேலைதான். இவங்க யாருக்கும் நடுவுல இடைவெளி கிடையாதுன்னு காப்பீட்டுக் கம்பெனிக்கு நான் எழுதித் தரேன்."

கம்ப்யூட்டர் சார் மேசையைத் தட்டினார். அக்கா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. பலகையில் எழுதியிருந்தது: இந்த வாயை எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே?

நவம்பர் 12

காலையில் தாழ்வாரத்தில் தலைமையாசிரியை எதிரே வந்தார். வணக்கத்தை இன்று அவர் முதலில் சொன்னார்.

நவம்பர் 29

அட்டைகள் வந்துவிட்டன. கம்பெனி ஏற்றுக்கொண்டது. அக்கா பெயர், கம்ப்யூட்டர் சார் பெயர், என் பெயர். அப்பா பெயரை முன்னெழுத்தாக வைத்து, என் பெயர்.

ஆனால் எல்லோருக்கும் இல்லை. விடுமுறையில் வேலை செய்தவர்களுக்கு மட்டும்தானாம். ஓவிய டீச்சர் இரண்டு வருடமாக இருக்கிறாள். ஜூலையில் குழந்தையைப் பார்க்கத் தன் நாட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து. இதை எழுதாமல் விட்டால் இந்தப் பக்கம் முழுசாக இருக்காது.

அப்பாவுக்கு நானே போன் செய்தேன். "இன்சூரன்ஸ் அட்டை கைக்கு வந்துடுச்சுப்பா."

"அது முன்னாடியே இருக்குன்னு சொன்னியே?"

"அப்ப இல்லப்பா. இப்பதான் கேட்டு வாங்கினேன்."

"யாரு கேட்டா?"

"நான்தான்."

போனைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு, "ஏய், எல்லாரும் கொஞ்சம் இங்க வாங்கடா!" என்று பணிமனை அதிரக் கூப்பிட்டார்.

டிசம்பர் 10

அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்தது. கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள். அட்டையை நீட்டினேன், மேசைப் பெண் அடித்துப் பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்றாள். அவ்வளவுதான். இந்த இரண்டு வார்த்தைக்குத்தான் இத்தனை பாடு.

டிசம்பர் 14

டாக்டர் சொல்லும்வரை முனகக்கூடக் கூடாது. அக்கா கரண்டியால் தட்டில் தட்டிப் பேசுகிறாள். ஒரு தட்டு: இங்கே வா. இரண்டு தட்டு: தண்ணீர். நிற்காமல் தட்டினால்: நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன். இந்த வீட்டில் ஒலிபெருக்கி ஓய்ந்ததே இல்லை.

டிசம்பர் 22

நேற்று டாக்டர் பேசலாம் என்று சொல்லிவிட்டார், மெதுவாக, கொஞ்சமாக. ஆனால் அக்கா பேசவில்லை. பயம் என்று நினைக்கிறேன். என்ன குரல் வருமோ என்று. நானும் வற்புறுத்தவில்லை. பேசப் பயப்படுகிறவர்களை எனக்குத் தெரியும்.

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். ஓவிய டீச்சர். இது ஒலிபெருக்கியின் வாசல் ஆயிற்றே, எல்லோரும் வருகிற மாதிரி அவளும் நேராக அக்காவிடம் போய், "என் காப்பீட்டு விஷயம், நீங்கதான் அலுவலகத்துல பேசணும்" என்றாள்.

அக்கா பலகையைத் தேடினாள். பிறகு தேடுவதை விட்டுவிட்டாள். தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மெல்லிசாக, கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் அவளுடைய குரலேதான்:

"அவளைக் கேளு."

இரண்டே வார்த்தை. இரண்டு மாதத்துக்குப் பிறகு.

நான் அழவில்லை. ஓவிய டீச்சருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"விடுமுறையில பள்ளிக்கூடத்துக்காக ஏதாவது செஞ்சீங்களா?"

"நான் எங்க செஞ்சேன், ஊருக்கில்ல போயிட்டேன். புது நூலகச் சுவத்துக்குப் படம் மட்டும் அங்கேருந்து வரைஞ்சு அனுப்பினேன். அது சும்மா ஒரு உதவி."

அக்கா கரண்டியை எடுத்துத் தட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். நான் பேனாவைத் திறந்தேன்.

"யார் கேட்ட உதவி?" என்றேன்.