பவுடருக்கு வைத்த இளவட்டக்கல் பரீட்சை

மச்சான்,

இன்று வைத்த புளிக்குழம்பில் வெனிலா வாசம் அடிக்கிறது. காரணம் நீங்கள்தான். போய்ச் சேர்ந்த பிறகும் என் அடுப்படியை விட்டு நகர மாட்டேன் என்கிறீர்கள். உங்கள் பவுடர் டப்பா ஒன்றை வெந்நீர் ஊற்றிக் கழுவி, மொட்டைமாடியில் காயப்போட்டு, நல்ல கெட்டி டப்பாவாயிற்றே என்று புளியை அடைத்து வைத்தேன். அருப்புக்கோட்டை வெயிலுக்கே போகாத வாசம் வேறு எதற்குத்தான் போகும்? உங்கள் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னடி, கொழம்புல கேக்கு வாடை அடிக்குது?" என்றார். டப்பாவைக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு, மோரை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்.

நியாயமாக நான் இப்போது கண்கலங்க வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. விசைத்தறிக் கூடத்தில் எந்தத் தறி நின்றாலும், பக்கத்தில் போகாமல் சத்தத்தை வைத்தே எது பழுது என்று சொல்லுகிற மெக்கானிக் நீங்கள். உங்கள் உடம்புக்குள் ஒன்று நின்று போனது மட்டும் உங்களுக்குக் கேட்கவில்லை. எங்களுக்குச் சொல்லவும் மனசு வரவில்லை.

பங்குனிப் பொங்கல் ஆணழகன் போட்டியில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசி நின்றீர்களே, அந்தப் போட்டோவைத்தான் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் உங்கள் அம்மா அனுப்பி வைத்தார். அதைப் பார்த்து நானும் மயங்கித்தான் தொலைத்தேன். அந்தத் தோளும் புஜமும் பாதி, தசை ஏற்றுகிற ஊசியில் வந்தது என்று எனக்கு என்ன தெரியும்? நிச்சயதார்த்தம் முடிந்ததும் ஊசியை விட்டுவிட்டீர்கள். அதுவரை நல்ல புத்திதான். ஆனால் கல்யாணம் ஆகிச் சில மாதங்களிலேயே சட்டை தொளதொளத்தது. வேலை விட்டு வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வீர்கள். தொட்டதற்கெல்லாம் கோபம். என்னைப் பிடிக்கவில்லையோ என்று நான் குழம்பிக்கொண்டிருந்தபோது, நீங்கள் டாக்டரைப் பார்க்காமல் டப்பா வாங்க ஆரம்பித்தீர்கள்.

முதல் டப்பாவில் ஒரு முள்ளுக்காய் படம் போட்டிருந்தது. செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு வீடே அதிரக் கத்தினீர்கள்: "ஏ புள்ள, இது நம்ம நெருஞ்சி முள்ளுடீ! ரெட்டியபட்டி புஞ்சையில கெடந்து கால்ல குத்துறது!" இதைக் கேட்டால் எவனுக்கும் அந்தப் பவுடர் மேல் நம்பிக்கை போகும். உங்களுக்குக் கூடியது. மறுநாளே சாக்கை எடுத்துக்கொண்டு புஞ்சைக்குப் போய் வரப்பு வரப்பாக நெருஞ்சி பிடுங்கி வந்து, என் பால் சட்டியில் கஷாயம் காய்ச்சினீர்கள். சைக்கிள் டயரைப் பஞ்சராக்குகிற முள் ஆம்பளையை என்ன ஆக்கும் என்று கேட்டேன். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, போ" என்றீர்கள்.

இரண்டாவது டப்பாவில் அமுக்கராக் கிழங்கும் வெந்தயமும். நன்றாகத் தூங்கினீர்கள், வியர்வையில் வெந்தய வாடை அடித்தது, வேறொன்றும் இல்லை. மூன்றாவது, புலிப்படம் போட்டது. ஜிம்மில் யாரோ பையில் வைத்து விற்றது. "முழுக்க முழுக்க இயற்கை" என்று பெரிதாக எழுதியிருந்தார்களே தவிர, உள்ளே என்ன இருக்கிறதென்று ஒரு வரி இல்லை.

எது நல்ல பவுடர் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு ரெட்டியபட்டிக்குப் போவீர்கள். அங்கே கோயில் பக்கத்தில் கிடக்கிற இளவட்டக்கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்குவீர்கள். அந்தக் காலத்தில் மாப்பிள்ளைக்குப் பலம் இருக்கிறதா என்று பார்க்கப் போட்டு வைத்த உருண்டைக் கல். முழங்கால் வரை வந்தால் டப்பா மட்டம். நெஞ்சு வரை வந்தால் பரவாயில்லை. தோளைத் தாண்டிப் பின்னால் விழுந்தால் அசல் சரக்கு. நெருஞ்சிக்கு முழங்கால், அமுக்கராவுக்கு இடுப்பு. புலிக்குத் தோளைத் தாண்டியது. ஊரே கைதட்டியது என்று வந்து சொன்னீர்கள். ரத்தத்தில் பார்க்க வேண்டியதைக் கல்லில் பார்க்கிற ஆளை என்ன செய்ய?

நீங்கள் கல்லைத் தூக்கிக்கொண்டிருந்தபோது என்னைத்தான் ஸ்கேனுக்குப் படுக்க வைத்தார்கள். பிள்ளை இல்லை என்றால் பெண்ணைத்தானே முதலில் கூட்டிப் போவார்கள்! அத்தை என்னை பஸ்ஸில் ஏற்றி மதுரைக்கு அழைத்துப் போவதும், நான் ரத்தம் கொடுப்பதும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்புவதுமாகப் போயிற்று. அந்த டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்பார். உங்களிடம் சொன்னால், "எனக்கென்ன? கல்லத் தூக்குறேன்ல?" என்பீர்கள். உறவுக்காரர்கள் வளைகாப்புக்கு எனக்குச் சொல்லி அனுப்புவதையே நிறுத்தினார்கள்.

கடைசியில் நான் சோறு பொங்க மாட்டேன் என்று உட்கார்ந்த பிறகுதான் வந்தீர்கள். பரிசோதனையில் உங்கள் விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. டாக்டரம்மா நேராகக் கேட்டார்: "ஜிம்முல ஊசி போட்டீங்களா?"

நீங்கள் மின்விசிறியைப் பார்த்தீர்கள். "புரோட்டீன் பவுடர்தான் டாக்டர்."

"உங்க மனைவியை இத்தனை தடவை குத்தியிருக்கோம். நிஜத்தைச் சொல்லுங்க."

"போட்டிக்காகப் போட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடி."

அந்த அறையில் வைத்துத்தான் எனக்கே தெரிய வந்தது. உங்களை அங்கேயே இரண்டு போடலாம் போல இருந்தது.

"ஆண் ஹார்மோன் வெளியேருந்து ஊசியில வந்துக்கிட்டே இருந்தா, சுரக்கச் சொல்லி மூளை உத்தரவு போடுறதை நிறுத்திடும்" என்று அவர் பொறுமையாகச் சொன்னார். "ஊசியை விட்டதும் சிலருக்குத் தானாத் திரும்பும், சிலருக்கு மாசக்கணக்காகும், சிலருக்கு மருந்து வேணும். இந்த மூலிகைப் பவுடர் எதுவும் நின்ன உத்தரவை எழுப்பாது. உடம்புல சத்துக் குறைவா இருந்தா அந்தச் சத்தைக் கொடுக்கலாம், அவ்வளவுதான்."

வருகிற வழியில் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "யார்ட்டயும் சொல்லிராத புள்ள. ஆத்தா தாங்காது." சரி என்றேன். டப்பாவை எல்லாம் தூக்கிப் போடுகிறேன் என்று நீங்களும் சொன்னீர்கள். போட்டீர்களா? புலியை மட்டும் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக் குடித்தீர்கள்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் ஏறியிருந்தது. டாக்டரம்மா முன்னாலேயே, "பாத்தியா புள்ள, ஏறிருச்சு!" என்று குதித்தீர்கள். அவர் சிரிக்கவில்லை. "இது உங்க உடம்பு சுரந்தது இல்லை. மூளையோட உத்தரவு இன்னும் வரவே இல்லை. என்ன குடிக்கிறீங்க?" புலி டப்பாவைப் பற்றிச் சொல்லும்படி ஆயிற்று. "பவுடர்ல ஹார்மோனையே கலந்திருக்கணும். எதை விட்டீங்களோ அதையேதான் திரும்பக் குடிச்சிருக்கீங்க" என்றார்.

அன்றைக்குத்தான் உங்களுக்கு உறைத்தது. டப்பாவைக் காலி செய்து கழுவி என் கையில் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு டாக்டரம்மா கொடுத்த மருந்து தவறவில்லை, சிடுசிடுப்பு குறைந்தது, கடைசியாக எடுத்த பரிசோதனையில் கொஞ்சமாவது உயிரணு தென்பட்டது. அந்தக் காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போன ஆள், தறிக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். இருதயம் வீங்கியிருந்தது என்றார்கள். ஊசியால்தானா என்று கேட்டேன். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். நல்லது நடக்கத் தொடங்குகிற நேரம் பார்த்துப் போகிற ஆளை எந்த வாயால் திட்ட?

உங்களுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தேன், போன வாரம் வரைக்கும். பக்கத்து வீட்டில் உங்கள் சித்தப்பா மகன் கார்த்தி இருக்கிறானே, வரும் பங்குனிக்கு அவனும் போட்டிக்கு நிற்கிறான். கல்யாணமாகி நாளாகியும் பிள்ளை இல்லை. அவன் பெண்டாட்டி செல்வியை மதுரைக்குக் கூட்டிப் போக உங்கள் அம்மாவே முந்திக்கொண்டு கிளம்பினார். "நான் கூட்டிட்டுப் போறேன். அந்த ஆஸ்பத்திரி எனக்குப் பழக்கம்." செல்வி தலையைக் குனிந்து நின்றாள். கார்த்தி தின்பண்டம் தின்கிறவன் போல டப்பாவிலிருந்து பவுடரை அள்ளிக்கொண்டிருந்தான். அதே புலி.

"இது என்னடா?" என்றேன்.

"அண்ணன் குடிச்சது மதினி. இதக் குடிச்சுத்தான கல்லு தோளத் தாண்டுச்சு? ஊரே பாத்துச்சு. இதவிட என்ன சாட்சி வேணும்? நானும் ஊசிய விட்டுட்டேன், இதக் குடிச்சா எல்லாம் சரியாயிரும்."

நீங்கள் வைத்த பரீட்சை உங்களுக்குப் பிறகும் நடந்துகொண்டிருக்கிறது மச்சான். எனக்கு வந்ததே ஆத்திரம்! டப்பாவைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினேன். அத்தை, செல்வி, கார்த்தியின் அம்மா, எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன். ஊசி போட்டது, உயிரணு இல்லாதது, புலிக்குள் இருந்தது, மின்விசிறியைப் பார்த்தது, ஒன்று விடவில்லை. "எனக்கு ஒரு கொறையும் இல்ல. அவுகளுக்குத்தான். அவுகளுக்கும் பாத்திருந்தா முன்னாடியே சரியாயிருக்கும்."

உங்கள் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். சிங்கம் போல வைத்திருந்த மகனை நடுவாசலில் வைத்து அவிழ்த்துப் போட்டுவிட்டேனே என்று நானும் அன்று அடுப்பு மூட்டவில்லை.

மறுநாள் காலையில் அத்தை பையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் நின்றார். "ஏலே கார்த்தி, கெளம்பு. செல்வி வீட்டுல இருக்கட்டும். நீ வா ஆஸ்பத்திரிக்கு." அவன் இழுத்தான். "எம்மகன் கல்லத் தூக்கினான்லே. என்னாச்சு? நடடா!" என்று கத்தினார். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

பஸ் ஏறுவதற்கு முன்னால் என்னிடம் வந்தார். "அத்தன தடவ ஒன்னயப் படுக்கவச்சு ஊசி குத்த வச்சேனேடி. ஏன்டி வாயத் தொறக்கல?"

"ஒங்க மகன்தான் சொல்லாதன்னாரு. நீங்க தாங்க மாட்டீகளாம்."

"கிறுக்குப்பய" என்றார். "கிறுக்குப்பய. எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே காதப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேனே." சொல்லிக்கொண்டே என் தோளில் முகத்தை வைத்து அழுதார். நீங்கள் போன அன்றுகூட என்னைத் தொட்டு அழாதவர்.

உங்கள் மேல் இருக்கிற கோபம் எனக்கு இன்னும் குறையவில்லை. குறையவும் வேண்டாம். இத்தனை நாள் அதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தேன், இப்போது உங்களைத் திட்டித் திட்டி அழ வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம்.