பொற்கொடி ஏன் எழுந்தாள்?

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்னும் ஒரே வாரம். நானும் அம்மாவும் போனில் பார்க்கும் 'மூணாவது மாடி சேலைப் பிரிவு' தொடர் அடுத்த ஞாயிறு மாலையோடு முடிகிறது. நாலு சீசன். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்திய வருடம் முதல் சீசன் வந்தது. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்கு வாயே திறக்காது. படிப்பை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று அம்மாவிடம் இன்றுவரை சொன்னதில்லை.

பட்டுக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை காட்டும் பெண்களின் கதை. பொற்கொடி உட்கார ஒரு ஸ்டூல் கேட்கிறாள். சென்னையிலிருந்து கிளம்பிவிட்டது என்று முதல் சீசனில் மேனேஜர் சொன்னார். இன்றைக்கும், "ஸ்டூல் விழுப்புரம் தாண்டிருச்சும்மா" என்றார். பொற்கொடி, "போன வருஷமே தாண்டுச்சே சார், திரும்பிப் போயிடுச்சா?" என்றாள். அம்மாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அடுத்த வாரம் ஸ்டூல் வந்தே ஆக வேண்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

எங்கள் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் இன்று முழுக்க இதே பேச்சு. கம்பெனிக்குள் போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் எல்லாம் வாயால்தான். கை பாட்டுக்குப் பனியனைத் திருப்பும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது எது கண்ணில் பட்டாலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கும். வாய் பாட்டுக்குப் பேசும். என் வாய் தவிர.

கதையில் வரும் பட்டுக்கடைச் சின்ன முதலாளி பொற்கொடியைக் கட்டிக்கொள்வான் என்று வினிதா அக்கா சொல்கிறாள். "கட்டிக்கிட்டா அவளே ஓனருங்க. ஸ்டூல் என்னங்க, சோபாவே போட்டுக்கலாம்."

சீனியம்மாள் அக்கா தேனிப் பக்கம். இருபது வருடமாக இந்த ஊரில் இருந்தும் பேச்சு மாறவில்லை. "போடி இவளே. கால் வீங்கிப் போயி நிக்கிறவளுக்கு கல்யாணம் என்னத்துக்கு? மொதல்ல உக்காரட்டும்."

நாங்களும் காலை எட்டரையிலிருந்து நின்றுதான் பார்க்கிறோம். எங்களுக்கும் எட்டு ஸ்டூல் உண்டு. ஸ்டோர் ரூமில். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர், எங்கள் வசதிகளைச் சரிபார்க்க ஆடிட்டுக்கு ஆள் அனுப்பும் நாளில் மட்டும் வெளியே வரும். அவர்கள் கார் கேட்டைத் தாண்டியதும் உள்ளே போய்விடும். அதனால்தான் இந்தக் கதை எங்களுக்கு இவ்வளவு பிடித்தது. டீ வர நேரமானால்கூட, "விழுப்புரம் தாண்டிருச்சு" என்போம்.

நான் அந்த ஸ்டூலில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. பதினெட்டு ஆகாதவர்களை ஆடிட் அன்று வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

எழுந்துவிட்டாள்.

எழுந்துவிட்டாளே! நாலு சீசன் காத்திருந்தது இதற்கா?

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். ஸ்டூல் வந்தது. ரோஜா மாலை போட்டு, நாதஸ்வரம் வைத்து, மேனேஜரே தலையில் சுமந்துகொண்டு மூணு மாடி ஏறினார் — லிப்ட் ரிப்பேர். அதுவரை சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பொற்கொடி உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். நானும் மூடினேன், சத்தியமாக. அப்போது பார்த்து முதலாளியின் அம்மா வருகிறார். கடை அவருடையது. கார் அவருடையது. கீழே ஏ.சி. ரூமில் மெத்தை நாற்காலி கிடக்கிறது. இவள் சட்டென்று எழுந்து, முந்தானையால் ஸ்டூலைத் துடைத்து, "நீங்க உக்காருங்கம்மா, எனக்கு நின்னு பழக்கம்" என்கிறாள். எல்லாரும் அழுகிறார்கள். பாட்டு. நன்றி, வணக்கம்.

யார் இதை எழுதியது? ஒருநாளாவது பத்து மணி நேரம் நின்றிருக்கிறாரா? கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு, காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறாரா? நின்னு பழக்கமாம். எவளுக்கு?

அம்மா வேறு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன மனசு பாரு சாமி அந்தப் புள்ளைக்கு" என்றாள். நான் டம்ளரை டங்கென்று வைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

செப்டம்பர் 15, திங்கள்

டேபிளே அழுதிருக்கிறது!

வினிதா அக்கா: "ஒரு நிமிசம் உக்காந்தாலும் ஜெயிச்ச மாதிரிதானுங்க."

சரி, அவள் அப்படித்தான். சீனியம்மாள் அக்காவுமா? "பெரிய மனுசி வந்து நின்னா எந்திரிக்கத்தான வேணும்? அதான மரியாதை?"

எப்படி வந்தது என்று தெரியவில்லை. "அவ ஏன் எழுந்தா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரு, அனுவா பேசுனது?" வினிதா அக்கா கை தட்டினாள். "ஏனுங்க, ஊமைப் படத்துக்கு டப்பிங் வந்துருச்சுங்க!"

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. சீனியம்மாள் அக்காதான் கேட்டார்: "அவ எந்திரிக்கலேன்னா கதை எப்படித்தா முடியும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் பஸ் ஸ்டாப்பில் வந்தது. எனக்கு எல்லாப் பதிலும் பஸ் ஸ்டாப்பில்தான் வரும். அந்தம்மாவுக்கு இன்னொரு ஸ்டூல் வாங்கிப் போட்டால் முடியும்! இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

செப்டம்பர் 16, செவ்வாய்

கடைசிப் பகுதியின் கீழே நாலாயிரம் கமெண்ட். எல்லாம் அழுகைப் பொம்மை. ஆறு தடவை எழுதி அழித்து, ஏழாவது தடவை போட்டுவிட்டேன்: "பட்டுக்கடை முதலாளியால் இன்னொரு ஸ்டூல் வாங்க முடியாதா?"

வந்த பதில்கள். "நல்லா முடிச்சா அதுலயும் நொட்டையா?" "நீ போய் ஒரு சீரியல் எடு." நகைக்கடையில் வேலை செய்யும் ஒரு அக்கா மட்டும், "நீங்க சொன்னது சரி, என் கால் சொல்லுது" என்று போட்டிருந்தார். இன்னொருத்தர்: "குறை கண்டுபிடிக்கிறதுதான் உங்க வேலையா?"

ஆமாம். அதுதான் என் வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு பனியனில் குறை கண்டுபிடிக்கிறேன், அதற்குத்தான் சம்பளம் தருகிறார்கள். இதை டைப் செய்தேன். அனுப்பவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

வரும் புதன்கிழமை ஆடிட். சூப்பர்வைசர் சிவபிரகாஷ் சார் எல்லாரையும் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தார். "ஸ்டூல் தினமும் இருக்குதான்னு கேட்டா, ஆமாங்கன்னு சொல்லோணும். புரிஞ்சுதா?" பிறகு என்னைப் பார்த்து, "நீ அன்னைக்கு லீவு."

"அவளுக்குச் சனிக்கெழமையோட பதினெட்டு ஆகுது சார்" என்றார் சீனியம்மாள் அக்கா.

"அப்படியா? அப்ப வா. ஆதார் ஜெராக்ஸ் கொண்டா. தேவையில்லாம எதும் பேசாத." அப்புறம் அவரே சிரித்துக்கொண்டார். "நீ எங்க பேசப்போற."

செப்டம்பர் 20, சனி

பதினெட்டு. டேபிளுக்குத் தேன்மிட்டாய் கொடுத்தேன். வினிதா அக்கா காதில் சொன்னாள்: "இனி உனக்கும் ஸ்டூல் உண்டு கண்ணு. வருசத்துக்கு ரெண்டு நாளு."

செப்டம்பர் 24, புதன்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்துக் கோணலாக வருகிறது.

காலையில் ஸ்டோர்காரர் மகுடேஸ்வரன் அண்ணன் தள்ளுவண்டியில் ஸ்டூல்களைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டார். உட்கார்ந்தேன். பத்து மணிக்கு வழக்கமாகக் குதிகால் எரிய ஆரம்பிக்கும். பத்து மணி வந்தது, போனது, எரியவில்லை. மதியம் வரை காலைப் பற்றி நினைக்கவே இல்லை. இதைத்தான் ஸ்டோர் ரூமில் பூட்டி வைத்திருக்கிறார்கள்!

ஆடிட்டர் மேடம் சீனியம்மாள் அக்காவிடம், "இது தினமும் இருக்குமா?" என்று கேட்டார். "ஆமாங்கம்மா, தெனமும்." என் முகம் சுட்டது. என்னிடம் பேரும் வயதும் மட்டும்தான் கேட்டார். நானாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொற்கொடியை அந்தத் திட்டுத் திட்டினேனே, நான் யார்?

நாலரைக்குக் கார் போயிற்று. அது போன தூசி அடங்குவதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது. எல்லாரும் எழுந்தார்கள். சீனியம்மாள் அக்கா எழுந்தது மட்டுமில்லை, முந்தானையால் ஸ்டூலை ஒரு துடை துடைத்துக் கொடுத்தார். அதே மாதிரி. அதே துடை.

நான் எழவில்லை. தைரியம் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்திரி கண்ணு" என்றார் மகுடேஸ்வரன் அண்ணன். பண்டலிலிருந்து அடுத்த பீஸை எடுத்துத் திருப்பினேன். "பூட்டோணும் கண்ணு, எந்திரி." கழுத்துப் பட்டியில் ஒரு ஓட்டை. ஸ்டிக்கர் ஒட்டினேன். சிவபிரகாஷ் சார் வந்துவிட்டார்.

"என்ன அனு, காது கேக்குலயா?"

"ஷிப்ட் இன்னும் முடியலீங்க சார்." என் குரல்தான்.

"அதுக்கு ஸ்டூல் எதுக்கு?"

"உக்காரறதுக்குங்க சார்."

வினிதா அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சாருக்குக் காது சிவந்துவிட்டது. "மத்தவங்க எல்லாம் நிக்கறாங்கல்ல?"

சீனியம்மாள் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போய் வண்டியில் கை வைத்தார். "ஏய்யா மகுடேசு, எறக்கு அத. விழுப்புரம் தாண்டி வந்தத யாராச்சும் திருப்பி அனுப்புவாகளா?" தன் ஸ்டூலைத் தானே இறக்கிப் போட்டு உட்கார்ந்தார். பிறகு வினிதா அக்கா. பிறகு எல்லாரும்.

செப்டம்பர் 25, வியாழன்

காலையில் போனால் ஸ்டூல் இல்லை. ஸ்டோருக்குப் பூட்டு. சார் எங்கள் பக்கமே பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. சீனியம்மாள் அக்கா அலட்டிக்கொள்ளவே இல்லை. செக் பண்ணின பண்டல் ஒன்றை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நாங்களும் ஆளுக்கொன்று இழுத்தோம். வெளிநாடு போகிற பனியன்!

சார் ஓடி வந்தார். "அக்கா, எந்திரிங்கக்கா, ஷிப்மென்ட்டுங்கக்கா அது!"

"நாங்க எங்க உக்காரட்டும் சாமி, நீங்களே சொல்லுங்க" என்றார் அக்கா, எங்கள் ஊர்ப் பேச்சில்.

பதினோரு மணிக்கு நாலு ஸ்டூல் வந்தது. எட்டு அல்ல. நாலு.

அக்டோபர் 6, திங்கள்

ஆளுக்கு ஒரு மணி நேரம், முறை வைத்து உட்காருகிறோம். மற்ற நாலும் எங்கே என்று தினமும் யாராவது ஒருத்தர் கேட்கிறோம். இன்று என் முறை. கேட்டேன். சார், "வரும் வரும்" என்றார். டேபிளே சிரித்தது.

'மூணாவது மாடி'க்கு ஐந்தாவது சீசன் வரலாம் என்று பேச்சு. பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். வினிதா அக்கா இன்னும் பொற்கொடி பக்கம்தான். மதியம் வரை அவளோடு சண்டை. குறை கண்டுபிடிப்பதுதான் வேலையா என்று கமெண்டில் கேட்டவருக்கும், அன்று டைப் செய்து வைத்த பதிலை அனுப்பிவிட்டேன்.

என் ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, ஆடுகிறது. நாளைக்கு அட்டை மடித்து அடியில் வைக்க வேண்டும்.