பீட்சாக் கடையில் பேரம்

மார்ச் 6, வியாழன்

இன்று மதியம் இத்தாலிக்காரர் கடையில், பாதிச் சாப்பாட்டில் மனைவி எழுந்து போய்விட்டாள். கை கழுவப் போகிறாள் என்று நினைத்தேன். வரவில்லை. காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று அவள் தட்டில் இருந்ததையும் நானே சாப்பிட்டு முடித்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஆறே மேசை உள்ள கடை அது. ஆட்டோ நிறுத்துகிற இடத்தில் கூரை போட்டு அடுப்பு வைத்த மாதிரி இருக்கும். ஆனால் வரிசை தெருமுனை வரை. ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாளே என்று என் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். வரிசையில் நிற்கவே விடவில்லை. பல வருஷமாக இங்கேயே இருந்து தமிழ் பழகிவிட்ட இத்தாலிக்காரரே வாசலுக்கு வந்து எங்களைச் சுவரோர மேசைக்குக் கூட்டிப்போனார். பழைய மரச்சாமான் வாங்கி விற்கிறவனை ஊரில் யாருக்குத்தான் தெரியாது? நம் முகத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேன்.

உட்கார்ந்ததும் பழக்கதோஷம், மேசையைத் தட்டிப் பார்த்தேன். கால் ஆடியது. சொன்னேன். பிறகு பீட்சா வந்தது. ஓரமெல்லாம் கறுப்புக் கறுப்பாகக் கொப்புளம்.

"இது கருகியிருக்கு. இதுக்கு முழு விலை எப்படிக் கேட்பீங்க?"

"விறகடுப்புல அப்படித்தான் வரும் ஐயா. அந்தப் புள்ளி இல்லேன்னா வேகலைன்னு அர்த்தம்."

"உங்க அடுப்புக்கு நான் ஏன் காசு கொடுக்கணும்?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தாலிக்காரர் என்னைப் பார்க்கவில்லை, என் மனைவியைப் பார்த்தார். பாதி விலை போதும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்குச் சந்தோஷம். அப்போதுதான் அவள் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "என்னையும் இத்தனை வருஷமா இப்படித்தான் வாங்கிக்கிட்டு இருக்கீங்க. குறை சொல்லி."

பையை எடுத்துக்கொண்டு கை கழுவுகிற பக்கம் நடந்தாள்.

மார்ச் 7, வெள்ளி

அவளுடைய அக்கா வீட்டில் இருக்கிறாளாம். போன் எடுக்கவில்லை. ஒரு பீட்சாவுக்காகவா?

மார்ச் 9, ஞாயிறு

சகலை வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததுமே, "வாங்க சகலை. கதவுல ஏதாவது குறை இருந்தா இப்பவே சொல்லிட்டு உள்ள வாங்க" என்றார். என் வயிற்றெரிச்சல் அவருக்கு வேடிக்கை.

அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். கோபமே இல்லை.

"பொண்ணு பிறந்தப்ப முதல்ல என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"என்ன சொன்னேன்?"

"காது கொஞ்சம் பெருசுன்னு."

"அது சும்மா சொன்னது."

"வீடு வாங்கினோம், வெளிச்சம் பத்தலைன்னீங்க. நான் முடி வெட்டிக்கிட்டு வந்தேன், பின்பக்கம் சரியில்லைன்னீங்க. எது வந்தாலும் தட்டிப் பார்த்து ஒரு ஓட்டை சொல்லணும் உங்களுக்கு. நான் என்ன, உங்க கடைக்கு வந்த பீரோவா?"

சகலை சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனார்.

வீடு திரும்பியதிலிருந்து யோசிக்கிறேன். கையில் ஒன்றுமில்லாமல் வந்தவன் நான். வாயைத் திறந்து நன்றாயிருக்கிறது என்று சொன்னால் விலை ஏறும். இதுதான் தொழில். இதில்தான் வீடு வாங்கினேன், மகளைப் படிக்கவைத்தேன். ஆனால் வீட்டில் யார் விலை ஏற்றப்போகிறார்கள்? அங்கே எதற்குப் பயந்தேன்?



மார்ச் 11, செவ்வாய்

ஒருவர் தேக்கு அலமாரி கொண்டுவந்தார். அசல் சரக்கு. என்ன பேய் பிடித்ததோ, "நல்லா இருக்கு" என்று சொல்லித் தொலைத்தேன். உடனே விலையை ஏற்றினார். வாங்கவில்லை. நான் சொன்னேனா இல்லையா?

மார்ச் 13, வியாழன்

இன்று வரிசையில் நின்று தனியாக இத்தாலிக்காரர் கடைக்குள் போனேன். போன வாரம் கொடுக்காமல் விட்ட பாதி விலையை நீட்டினேன். வாங்கவில்லை. "அது முடிஞ்சுபோன கணக்கு ஐயா. அம்மா ஏன் இன்னைக்கு வரலை? உடம்பு சரியில்லையா?"

"அவளை உங்களுக்குத் தெரியுமா?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "வியாழக்கிழமை மதியம் தவறாம வருவாங்களே. தனியாத்தான். அடுப்புக்கு முன்னால உட்கார்ந்து சாப்பிட்டுட்டு, என் சம்சாரத்தோட பேசிட்டுப் போவாங்க. அடுத்த வாரம் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வர்றேன், சுவரோரம் ஒரு மேசை வேணும்னாங்க. நாங்க யாருக்கும் மேசை பிடிச்சு வைக்கிறதில்ல. அவங்களுக்கு வச்சோம்."

என் முகத்துக்குக் கிடைத்த மரியாதையாம். தூ.

நான் கடையில் உளுத்த கட்டிலைத் தட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் இங்கே வந்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை? — சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும். அவளுக்கென்று இருந்த ஒரே இடம். அதை எனக்குக் காட்டத்தான் கூட்டிப்போயிருக்கிறாள். நான் அங்கே போய், அவளை வைத்துக்கொண்டே...

சாப்பிட முடியவில்லை. வந்துவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

சகலையைத் தூது அனுப்பினேன். வியாழக்கிழமை அதே கடைக்கு வரச் சொல்லுங்கள் என்றேன். "எனக்கு எவ்வளவு கமிஷன்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

சாயங்காலம் போன் செய்தார். "வர்றாளாம். மன்னிப்பெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வர வேணாமாம்."

மார்ச் 18, செவ்வாய்

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. குறை சொல்லக்கூட எதுவும் கிடைக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

எனக்கு முன்பே வந்து வரிசையில் நின்றாள். பக்கத்தில் போய் நின்றேன். இந்தத் தடவை யாரும் வாசலுக்கு வந்து அழைக்கவில்லை. வெயில். உள்ளே இடம் கிடைத்தபோது, முன்பின் தெரியாத இரண்டு பேரோடு ஒரே மேசை.

அவளை இத்தாலிக்காரர் மனைவி கட்டிக்கொண்டாள். எனக்கு ஒரு தலையசைப்பு.

பாதி சாப்பிட்டபின், "நல்லா இருக்கு" என்றேன். பல் பிடுங்கியது போலிருந்தது.

"எது?"

"எல்லாம்."

"எல்லாம்னா ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம்."

எதிரில் இருந்தவர்கள் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். பிறகு, "எனக்காக மேசை பிடிச்சு வைக்கச் சொன்னியாமே. அதுக்கு முன்னாடி யாரும் எனக்கு அப்படிச் செஞ்சதில்ல" என்றேன்.

சாப்பிடுவதை நிறுத்தினாள். கண்ணைத் துடைக்கவில்லை, அழவும் இல்லை. அடுப்பைப் பார்த்தாள். வீட்டுக்கு வா என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

முடிவானது இதுதான். அவள் இப்போதைக்கு அக்கா வீட்டில்தான். வியாழன் மதியம் இங்கே இரண்டு பேரும் வருவது, வரிசையில் நிற்பது, அவரவர் தட்டுக்கு அவரவர் காசு. சாப்பாட்டையோ நாற்காலியையோ அவளையோ நான் ஒரு குறை சொன்னால் அடுத்த வியாழன் கிடையாது. வீட்டுக்கு எப்போது வருவாள் என்று நான் கேட்கக் கூடாது.