ஐம்பது மீட்டர் கரை

ஜூலை 2
சரளைக் குவாரிக்காக அழித்த சதுப்புக்குப் பதிலாக மேட்டுப் பக்கம் நாங்கள் வெட்டிய புதுச் சதுப்பில் நட்ட கோரையை இன்று எண்ணினேன். பத்துக்கு ஏழு பிழைத்திருக்கிறது. மேலாளருக்கு வாயெல்லாம் பல். குவாரிக் குழிக்குள் பொக்லைன் ஓட்டிக்கொண்டிருந்த அத்தான், "என்ன மச்சினி, புல்லு எண்ணுறதுக்கா இவ்ளோ படிச்சே?" என்று கத்தினார். அவருக்கு இந்த வேலையை வாங்கித் தந்ததே நான்தான்.

ஜூலை 9
மழை. நாள் முழுக்க மழை.

ஜூலை 11
ஆறு ஏறியிருக்கிறது. கோடையில் நான் அடித்த முதல் முளைக்குச்சியைக் காணோம். தண்ணீருக்குள், வெகு தள்ளி, அதில் கட்டிய சிவப்புத் துணி மட்டும் ஆடுகிறது.

அங்கிருந்துதான் அளந்தேன். ஆற்றுக்கும் குழிக்கும் நடுவே ஐம்பது மீட்டர் கரையை விட வேண்டும், அதுதான் விதி. வெள்ளம் எதுவரை ஏறுமோ, அந்த மேட்டிலிருந்து அளக்க வேண்டும். நானோ வற்றிக் கிடந்த ஆற்றின் தண்ணீர் ஓரத்திலிருந்து அளந்திருக்கிறேன்! மேட்டிலிருந்து மறுபடி டேப்பைப் பிடித்தேன். பத்தொன்பது.

பத்தொன்பது மீட்டர் மண்ணுக்கு அந்தப் பக்கம் ஆறு. இந்தப் பக்கம், ஆழத்தில், என் அக்கா புருஷன்.

ஜூலை 12
யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை.

ஜூலை 14
மேலாளரிடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"குழி வரைபடத்துல கையெழுத்து யாரோடது?"

"என்னோடதுதான் சார்."

"அப்புறம் என்ன? நுணலும் தன் வாயால கெடும். மழை விடட்டும், பாத்துக்கலாம்."

வெளியே வந்தபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் அசிங்கமாக இருக்கிறது.

ஜூலை 15
அக்கா வீட்டில் சாப்பாடு. "குழியில தண்ணி கசியுதா அத்தான்?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"ஆத்துப் பக்கச் சுவத்துல ஒரு ஊத்து இருக்கு. கண்ணாடி மாதிரி தண்ணி. அதுலதான் முகம் கழுவுறோம்." அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்!"

பல்லிக்கே அலறுகிறவள் என்று நான் வீட்டில் பேர் வாங்கியவள். தெளிந்த தண்ணீர் என்றால் மண் அரிக்கவில்லை என்று அர்த்தம். அப்படித்தான் படித்திருக்கிறேன். அப்படித்தானே இருக்கும்?

ஜூலை 17
காலையில் அக்கா போன் செய்தாள். குழந்தைக்குச் சளி, துவைத்தது காயவில்லை... நடுவில், "இவரு முகம் கழுவ வீட்லேருந்து தண்ணி கொண்டு போறாருடி. ஊத்து கலங்கிடுச்சாம்."

போனை வைத்தேனா, தெரியாது. குழிக்குள் இறங்கி ஓடினேன். "மேல வாங்க! எல்லாரும் மேல வாங்க!"

"என்னம்மா, பல்லியா?" என்றார் அத்தான். ஆட்கள் சிரித்தார்கள்.

"நான் தப்பா அளந்துட்டேன் அத்தான். கரை ஐம்பது இல்ல, பத்தொன்பதுதான். நான்தான் தப்பு பண்ணேன்..."

அவர் திரும்பி ஊற்றைப் பார்த்தார். சேறாக வந்துகொண்டிருந்தது. சாவியைத் திருப்பிப் பொக்லைனை நிறுத்தினார். "ஏறுங்கடா எல்லாரும்."

பதினொரு பேர். மேட்டில் நின்று திரும்பத் திரும்ப எண்ணினேன்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?" என்றார் அத்தான்.

"ஆறு நாளா."

அவர் என்னை விட்டுத் தள்ளிப் போய் நின்றார். மாலை மூன்றரைக்குக் கரை உடைந்தது.

ஆகஸ்ட் 30
விசாரணையில் எல்லாம் சொன்னேன், மேலாளர் கதவைச் சாத்தியதையும் சேர்த்து. என் வேலை போயிற்று. அக்கா வந்து போகிறாள். அத்தான் வருவதில்லை.

பிப்ரவரி 6
குழி இப்போது ஏரி. ஓரமெல்லாம் கோரை, யாரும் நடாதது. நாங்கள் நட்டது மேட்டில் காய்ந்து கிடக்கிறதாம்.

இன்று வாசலில் அத்தான். உள்ளே வராமலே, "மனை ஒண்ணு பாத்திருக்கேன், கால்வாய் ஓரமா. எவ்ளோ தள்ளிக் கட்டணும்னு வந்து அளந்து குடு" என்றார்.

"நானா?"

"தப்பா அளந்தா பரவால்ல. அன்னைக்கே சொல்லிடு."

டேப்பை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். அளப்பதற்கு முன், வெள்ளம் எதுவரை ஏறும் என்று பக்கத்து வீட்டில் கேட்டேன்.